குப்பியிலிருந்து கொப்பிக்கு: தடுப்பூசி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம், தொற்றுநோயியல் பிரிவின் பொறுப்பதிகாரிகள், தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையினர், கொழும்பு மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களத்தினர் ஆகிய அனைவருக்கும்,

வணக்கம்.

வெள்ளவத்தையில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும் ஒரு தனியார் கிளினிக்கில் 2008 ஆம் ஆண்டிலிருந்து வேலை செய்கிறேன். ஊசி போடுவது தாதி. அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்து எழுதுவது நான். என்ன மருந்து, எந்த பெட்ச் (எந்தத் தயாரிப்புத் தொகுதி), எப்போது காலாவதி, கையிலா தொடையிலா போட்டது, அடுத்த ஊசிக்கு எப்போது வரவேண்டும் என்பதையெல்லாம் பிள்ளையின் கிளினிக் கொப்பியிலும் எங்கள் ரெஜிஸ்டரிலும் எழுதி, தாயிடம் வாயாலும் ஒருமுறை சொல்லி அனுப்புவது என் வேலை.

உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். குப்பியில் அச்சிட்டிருக்கும் பெட்ச் நம்பரும் காலாவதித் திகதியும் பிள்ளையின் கொப்பிக்கு வந்து சேர, இன்று என்னைப் போன்றவர்களின் கண்ணும் கையும் மட்டும்தான் வழி. இதை மாற்றுங்கள். அந்த விபரத்தை பார்கோட் மூலம் வாசித்து எடுக்கும் வசதியை எல்லாத் தடுப்பூசி அறைகளுக்கும் கொண்டுவாருங்கள். சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ் நடக்கும் அரச (எம்ஓஎச்) கிளினிக்குக்கும் சரி, எங்களைப் போன்ற தனியார் இடங்களுக்கும் சரி.

பிரிட்ஜிலிருந்து எடுத்த குப்பி எப்படி இருக்கும் என்று பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் இருந்தது கொழும்பு வெக்கைக்கு வெளியே வந்ததும் உடம்பெல்லாம் வியர்க்கும். லேபிள் என் பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மருந்தின் பெயர் அழகாக அச்சாகியிருக்கும். பெட்ச் நம்பரும் திகதியும் அப்படியல்ல. அவை கடைசியில் தனியாகக் குத்தப்படுபவை. சில நேரம் சரிந்து கிடக்கும், சில நேரம் லேபிளின் ஓரம் மடிந்த இடத்தில் பாதி மறைந்திருக்கும். பஞ்சால் துடைத்தால் மை கலங்கிவிடுமோ என்று பயந்து, குப்பியை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து வாசிப்பேன். ஆங்கில ஓ எழுத்தா பூச்சியமா, பீ எழுத்தா எட்டா, ஐ எழுத்தா ஒன்றா என்று ஒவ்வொரு நாளும் ஒரு தடவையாவது யோசிக்க வேண்டிவரும். பக்கத்தில் ஊசி போட்ட பிள்ளை வீரிட்டு அழுகிறது, அடுத்த தாய் கொப்பியை நீட்டுகிறார், தாதி மருந்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே அடுத்த சிரிஞ்சை உடைக்கிறார். இந்த நேரத்தில்தான் அந்த ஏழெட்டு எழுத்துகளை எழுதுகிறேன். அதுவும் ஒரே இடத்தில் இல்லை. பிரிட்ஜின் கையிருப்புப் புத்தகம், அன்றைய ரெஜிஸ்டர், பிள்ளையின் கொப்பி, மாத முடிவு அறிக்கை என்று நாலு இடத்தில்.

பெட்ச் நம்பர் தப்பானால் பிள்ளைக்கு உடனே ஒன்றும் ஆகிவிடாது. அதனால்தான் அது தப்பாகிக்கொண்டே இருக்கிறது, ஒருவரும் கவனிப்பதில்லை. அது தேவைப்படும் நாள் வந்தால்தான் தெரியும்.

எங்களுக்கு அப்படி ஒரு நாள் வந்தது. சில வருடங்களுக்கு முன், ஒரு இறக்குமதியாளரிடமிருந்து கடிதம். குறிப்பிட்ட ஒரு பெட்ச்சைப் பாவிப்பதை நிறுத்துங்கள், மிச்சத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், ஏற்கெனவே யாருக்குப் போட்டீர்கள் என்ற பெயர்ப்பட்டியலைத் தாருங்கள் என்று. டொக்டர் கடிதத்தை என் மேசையில் வைத்தார். மூன்று மாலைகள் கிளினிக் முடிந்த பிறகு இருந்து நாலு ரெஜிஸ்டர்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். கையிருப்புப் புத்தகத்தின்படி நாற்பது டோஸ் வந்திருக்கிறது. பிரிட்ஜில் ஆறு மிச்சம். அப்படியென்றால் முப்பத்து நாலு பிள்ளைகள் இருக்கவேண்டும். எனக்குக் கிடைத்தது முப்பத்தொரு பெயர். மூன்று பிள்ளைகள் எங்கே?

நான்காம் நாள்தான் கண்டுபிடித்தேன். இரண்டு வரிகளில் நான் எழுதியிருந்த பெட்ச் நம்பர் எங்கள் கிளினிக்குக்கு ஒருநாளும் வந்ததே இல்லை. எட்டு இருக்கவேண்டிய இடத்தில் பீ எழுத்து. என் கையெழுத்து, என் பிழை. மற்றொரு பிள்ளைக்கு முதல் நாள் பெட்டியின் நம்பரையே எழுதியிருந்தேன். பெட்டி மாறியதை அந்த அவசரத்தில் கவனிக்கவில்லை. பிறகு முப்பத்து நாலு வீட்டுக்கும் போன் எடுத்தோம். சில நம்பர்கள் வேலை செய்யவில்லை. ஒரு குடும்பம் வத்தளைக்கு வீடு மாறிப் போயிருந்தது. நல்லவேளை, பிரச்சினை பெட்டியின் அச்சில்தான், மருந்தில் இல்லை என்று பிறகு அறிவித்தார்கள். ஆனால் அந்த நாலு நாளும் எனக்கு நித்திரை வரவில்லை. மருந்திலேயே பிழை இருந்து, நான் தவறவிட்ட பிள்ளைகளில் ஒன்றுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? இந்தக் கேள்வி இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. இந்த மடலை எழுத வைத்ததும் அதுதான்.

உங்களுக்கு இது புதிய விடயம் அல்ல. 2008 ஜனவரியில் பென்டா ஊசி நாட்டுக்கு வந்தது. தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி, ஹெபடைட்டிஸ் பீ, ஹிப் (மூளைக்காய்ச்சல் போன்றவற்றைத் தரும் ஒரு கிருமி) ஆகிய ஐந்துக்கும் ஒரே ஊசி. 2009 ஏப்ரலில், ஊசிக்குப் பிறகு சில குழந்தைகள் இறந்த தகவல்களை அடுத்து அதை இடைநிறுத்தினீர்கள். நிபுணர்கள் ஆராய்ந்த பிறகு 2010 இல் மீண்டும் தொடங்கினீர்கள். அப்போது நான் இந்த வேலைக்கு வந்து ஒரு வருடம் சொச்சம். எம்ஓஎச் கிளினிக்கில் ஊசி போட்ட தாய்மார்கூட எங்களிடம் கொப்பியைக் கொண்டு வந்து, "மிஸ், இவனுக்குப் போட்டதும் அந்த மருந்துதானா?" என்று கேட்டார்கள். கொப்பியில் எழுதியிருந்ததை வைத்துத்தான் பதில் சொல்லவேண்டியிருந்தது. சிலருடையதை வாசிக்கவே முடியவில்லை. ஊசிக்குப் பின் வரும் பாதகமான விளைவுகளைக் கண்காணிக்கும் ஒழுங்கு இந்த நாட்டில் 1996 முதல் இருக்கிறது. அதை நினைத்துப் பெருமைப்படுகிறேன். ஆனால் அந்தக் கண்காணிப்பின் முதல் கேள்வியே "எந்த பெட்ச்?" என்பதுதானே. அந்தப் பதில் எங்கள் பேனா முனையில் இருக்கிறது.

சரி, பார்கோட் என்றால் என்ன செய்யும்? காலி வீதியில் எந்த சுப்பர்மார்க்கெட்டிலும் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். உள்ளூர்க் கம்பனி என்றால் கோடுகளுக்குக் கீழே இலக்கம் பெரும்பாலும் 479 என்று தொடங்கும். அது இலங்கையில் பதிந்த கம்பனி என்பதற்கு அடையாளம். அந்தக் கோட்டுப் பார்கோட் இது என்ன பொருள் என்பதை மட்டும் சொல்லும். எப்போது செய்தது, எந்தத் தொகுதி, எப்போது கெடும் என்றெல்லாம் சொல்லாது. மருந்துக்கு அது போதாது.

மருந்துப் பெட்டிகளில் இப்போது வருவது வேறு. சின்னக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் நிறைந்த ஒரு சதுரம். டேட்டா மெட்ரிக்ஸ் என்கிறார்கள். பச்சைக் கடலை அளவு இடத்தில் அத்தனையும் அடங்கும். 01 என்ற அடையாளத்துக்குப் பிறகு 14 இலக்கங்கள்; அது மருந்தின் பெயர், அளவு, கம்பனி எல்லாவற்றையும் குறிக்கும். 17 க்குப் பிறகு 6 இலக்கங்கள். காலாவதியான வருடம், மாதம், நாள். 10 க்குப் பிறகு வருவது பெட்ச். சிலவற்றில் 21 க்குப் பிறகு அந்தப் பெட்டிக்கென்றே ஒரு தனி இலக்கமும் இருக்கும். சதுரத்தின் ஒரு மூலை அழுக்காகிக் கிழிந்திருந்தாலும் மிச்சத்தை வைத்து முழுவதையும் மீட்டெடுக்கும் விதத்தில் அது அமைந்திருக்கிறது. கவனிக்க வேண்டிய ஒன்று: கோடுகளை மட்டும் வாசிக்கும் பழைய லேசர் ஸ்கேனருக்கு இந்தச் சதுரம் புரியாது. படம் பிடித்து வாசிக்கும் ஸ்கேனர் வேண்டும். அல்லது ஒரு சாதாரண ஸ்மார்ட் போன் கமரா போதும். கொள்வனவு செய்யும்போது மலிவு என்று கோட்டு ஸ்கேனர்களை வாங்கிக் குவித்துவிடாதீர்கள்.

அமெரிக்காவில் இந்தப் பாதையில் தடுக்கி விழுந்து எழும்பியிருக்கிறார்கள். அங்கே 1986 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றே தடுப்பூசியின் கம்பனியையும் பெட்ச் நம்பரையும் பதியவேண்டும் என்கிறது. 2004 இல் மருந்துகளுக்குக் கோட்டுப் பார்கோடைக் கட்டாயமாக்கினார்கள். அதில் மருந்தின் அடையாளம் மட்டும்தான், பெட்ச்சும் காலாவதியும் கையால்தான். 2011 இல்தான் தடுப்பூசிக்குச் சதுர பார்கோடைப் பாவிக்க வழி திறந்தார்கள். அதன்பிறகு அவர்களின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் கிளினிக்குகளில் சோதித்துப் பார்த்தது. ஸ்கேன் செய்தபோது பெட்ச் நம்பரும் காலாவதித் திகதியும் கூடுதலாகச் சரியாகப் பதிவாகின. நாங்கள் அந்த 2004 படியில் ஏறி இறங்கவேண்டிய அவசியம் இல்லை. நேரே சதுரத்துக்குப் போகலாம்.

இங்கே ஒரு உண்மையான சிக்கல் இருக்கிறது, அதை ஒளிக்கமாட்டேன். எங்கள் கிளினிக்கில் பெரும்பாலும் ஒரு டோஸ் சிரிஞ்ச். ஒரு பிள்ளை, ஒரு பெட்டி, ஒரு ஸ்கேன். அரச கிளினிக்கில் பத்து டோஸ் குப்பி. சதுரம் பெரும்பாலும் வெளிப்பெட்டியில்தான் இருக்கும், ஒவ்வொரு குப்பியிலும் இருக்காது. குப்பியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து மிட்வைப் மிஸ் வெளிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால், பார்கோட் ஒஃபிஸிலேயே தங்கிவிடும். இதைச் சொல்லித்தான் சிலர் "எங்களுக்குச் சரிவராது" என்று கைவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குப்பிகளை எடுக்கும் காலையிலேயே வெளிப்பெட்டியை ஒருமுறை ஸ்கேன் செய்து, அன்றைய கிளினிக்குக்கு அதை இணைத்துவிடலாம். பிறகு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த மருந்தின் பெயரைத் தொட்டால் பெட்ச்சும் திகதியும் தானாக விழும். புதிய பெட்டி உடைத்தால் மறுபடி ஒரு ஸ்கேன். முப்பது பிள்ளைக்கு முப்பது தடவை எழுதுவதற்குப் பதில் ஒன்றோ இரண்டோ தடவை. பத்து டோஸ் குப்பிக்கு இந்த வழி இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது என்றே நினைக்கிறேன்.

இதில் கரைப்பானை மறந்துவிடாதீர்கள். சின்னமுத்து உட்பட மூன்று நோய்களுக்கான எம்எம்ஆர், காசநோய்க்கான பீசீஜி இரண்டும் தூளாக வருபவை. அவற்றுக்கென்று தரும் கரைப்பானைத்தான் கலக்கவேண்டும், கலந்தால் ஆறு மணித்தியாலத்துக்குள் முடிக்கவேண்டும். 2014 இல் சிரியாவின் இத்லிப் பகுதியில் சின்னமுத்து ஊசிக்குக் கரைப்பானுக்குப் பதிலாக, சத்திரசிகிச்சையில் தசைகளைத் தளர்த்தப் போடும் மருந்தைக் கலந்துவிட்டார்கள். 15 பிள்ளைகள் இறந்தார்கள். 2018 ஜூலையில் சமோவாவில் அதே போன்ற பிழை. இரண்டு குழந்தைகள் இறந்தன. அதோடு நிற்கவில்லை. சமோவாவில் எம்எம்ஆர் ஊசியையே பல மாதங்கள் நிறுத்தினார்கள், தாய்மார் நம்பிக்கை இழந்தார்கள், 2019 இன் கடைசியில் சின்னமுத்து பரவி 83 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள்.

இரண்டு குழந்தைகளுக்குப் பிழையாகக் கலந்த ஊசி எண்பத்து மூன்று உயிர்வரை போனது. இதை வாசித்த நாளிலிருந்து எங்கள் தாதி தூள் குப்பியையும் கரைப்பானையும் ஒரே கையில் பிடித்து எனக்குக் காட்டி, இரண்டின் பெயரையும் சத்தமாக வாசிப்பார். நான் "சரி" சொன்ன பிறகுதான் கலப்பார். அது எங்கள் இருவரின் ஒழுங்கு. வேறு ஆள் வந்தால் அந்த ஒழுங்கும் போய்விடும். தூளையும் கரைப்பானையும் ஸ்கேன் செய்து, இரண்டும் பொருந்தாவிட்டால் திரை சிவப்பாகிச் சத்தம் போடும் என்றால், ஆள் மாறினாலும் ஒழுங்கு நிற்கும். எனவே கரைப்பான் பெட்டிக்கும் பார்கோட் வேண்டும் என்று மருந்து வாங்கும் கேள்விமனுவில் (டெண்டரில்) கட்டாயம் எழுதுங்கள்.

பார்கோட் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நான் சொல்லவரவில்லை. சூட்டில் கெட்டுப்போன குப்பியை ஸ்கேன் செய்தாலும் அது "பீப்" என்றுதான் சொல்லும். குப்பியில் வட்டத்துக்குள், சூடு பட்டால் கறுக்கும் சின்னச் சதுர அடையாளம் ஒன்று இருக்கும்; அது கறுத்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்கும் வேலை தாதியுடையது, அது மாறக்கூடாது. போலி மருந்தும் அப்படித்தான். பார்கோடையும் அச்சடிக்க முடியும். 2023 இல், அரச ஆஸ்பத்திரிகளுக்குத் தரமற்ற இமியூனோகுளோபியூலின் மருந்து கொடுக்கப்பட்ட விவகாரம் வெளிவந்தபோது, எங்களிடம் வரும் பெற்றோர் தடுப்பூசியைப் பற்றியும் கேட்கத் தொடங்கினார்கள்: "இது எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. பெட்டிக்குப் பெட்டி தனி இலக்கம் இருந்து, அதை அதிகாரசபையின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தால் அந்தக் கேள்விக்கு முகம் கொடுக்கலாம். இப்போதைக்கு நான் பெட்டியைக் காட்டுகிறேன், அவ்வளவுதான்.

ஒஃபிஸ் வேலை பற்றியும் ஒரு வார்த்தை. மாதக் கடைசியில் எண்ணுவது இரண்டு நாள் வேலை. பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணக்கூடாது. எனவே தட்டுத் தட்டாக வெளியே எடுத்து, எண்ணி, உள்ளே வைத்து, புத்தகத்தோடு ஒப்பிட்டு, ஒன்று கூடக் குறைய வந்தால் திரும்ப முதலிலிருந்து. முதலில் காலாவதியாவது முன்னுக்கு இருக்கவேண்டும் என்பது விதி. ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்த பெட்டிகளைக் களைத்துப்போன யாரோ முன்னுக்கு அடுக்கியிருப்பார்கள். சில பெட்டிகளில் மாதமும் வருடமும் மட்டும் இருக்கும், சிலவற்றில் நாளும் இருக்கும், சிலவற்றில் மாதம் முதலில் வரும். பார்கோடில் வருடம், மாதம், நாள் என்ற ஒரே வரிசைதான். நாள் குறிப்பிடாவிட்டால் மாதத்தின் கடைசி நாள் என்று பொருள். எந்தப் பெட்டி இன்னும் முப்பது நாளில் முடியும் என்பதைக் கொம்பியூட்டர் காலையில் சொல்லிவிட்டால், எறியப்படும் மருந்து குறையும். 2022 இல் நாட்டில் மருந்துக்கு வரிசையில் நின்றதை நாங்கள் மறக்கவில்லை. ஒரு டோஸை எறியும்போதும் மனம் கேட்பதில்லை.

2016 மே மாத வெள்ளத்தையும் நினைத்துப் பாருங்கள். கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் களனி கங்கை வீடுகளுக்குள் வந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு தாய் பொலித்தீன் பையில் சுற்றிப் பிள்ளையின் கொப்பியைக் கொண்டுவந்தார். கூரைத் தகரத்தில் காயவைத்திருக்கிறார். பக்கங்கள் அப்பளம்போல் மொரமொரத்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நீல மை பரவி, ஊசிகளின் பக்கம் முழுவதும் மேகம் படிந்த மாதிரி. இரண்டாம் மாத வரியில் திகதி மட்டும் தெரிந்தது. நாலாம் மாதத்தில் அதுவும் இல்லை. "இனி எல்லாம் முதலிலிருந்து போடவேண்டுமா மிஸ்?" என்று கேட்டார். எங்கள் ரெஜிஸ்டரில் தேடிக் கொஞ்சம் மீட்டோம். எம்ஓஎச் ஒஃபிஸில் இருந்த பதிவிலிருந்து மிச்சத்தை அவர் போய் எழுதி வந்தார். 2023 இல், சின்னமுத்தை ஒழித்த நாடு என்று 2019 இல் பெயர் எடுத்த பிறகும் அந்த நோய் திரும்பி வந்தபோது, யாருக்கு டோஸ் தவறியது என்று தேடியதும் இப்படித்தான்: கொப்பி, ரெஜிஸ்டர், தாயின் ஞாபகம்.

எங்கள் பகுதிக்கென்று இன்னொரு சிரமம் உண்டு. கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போகும் பிள்ளைகளுக்கு ஊசி விபரம் எடுத்துத் தரச் சொல்லி மாதம் நாலைந்து பெற்றோர் வருவார்கள். ரெஜிஸ்டரில் பெயரைத் தேடினால் கிடைக்காது. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பிள்ளையை ஒருநாள் டி எழுத்தில் தொடங்கி எழுதியிருப்போம், இன்னொரு நாள் டிஎச் எழுத்துகளில். தகப்பன் பெயரை ஒருவர் முதலில் போடுவார், ஒருவர் கடைசியில். மருந்துக்கு பார்கோட் வந்து பிள்ளைக்கு வராவிட்டால் பாதி வேலைதான் முடியும். பிறந்த உடனே ஆஸ்பத்திரியில் பீசீஜி போடும்போதே பிள்ளையின் கொப்பி அட்டையில் ஒரு இலக்கச் சதுரத்தை ஒட்டிவிடுங்கள். பெயர் எப்படி எழுதினாலும் பிள்ளை ஒன்றுதான் என்று தெரிந்துவிடும்.

அதோடு, திரையில் வருவது தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் வெள்ளவத்தையிலும் தாய்க்கு வரும் "அடுத்த ஊசி" குறுஞ்செய்தி அவர் வாசிக்கக்கூடிய மொழியில் வரவேண்டும். வராவிட்டால் அது வந்தும் ஒன்றுதான், வராமல் போனாலும் ஒன்றுதான்.

மின்சாரம்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டினார்கள். அன்றும் நாங்கள் ஊசி போட்டோம், டோர்ச் வெளிச்சத்தில் எழுதினோம். எனவே இன்டர்நெட் இல்லாமலும் வேலை செய்து, பிறகு இணைப்பு வந்ததும் தானாக அனுப்பும் ஒழுங்குதான் சரிவரும். நாட்டில் இதற்கு அனுபவம் இருக்கிறது. 2021 இல் கொவிட் ஊசிகளைக் கொம்பியூட்டரில் பதிந்து கியூஆர் சான்றிதழ் கொடுத்தவர்கள் நீங்கள்தானே. அதே வருடம் ஒரு அரச நிறுவனத்தின் தரவுகள் அழிந்துபோன செய்தியையும் எல்லோரும் வாசித்தோம். பிள்ளைகளின் தரவு இரண்டு மூன்று இடத்தில் பிரதியாக இருக்கவேண்டும். யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது என்பது 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதலிலேயே எழுதப்படவேண்டும். கொப்பியையும் நிறுத்தாதீர்கள். தாயின் கையில் ஒரு கடதாசி எப்போதும் இருக்கவேண்டும்.

கடதாசி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஸ்கேன் செய்ததும் ஒரு ஸ்டிக்கர் அச்சாகி கொப்பியில் ஒட்டுவது நல்ல யோசனை. ஆனால் சுப்பர்மார்க்கெட் பில் மாதிரிச் சூட்டால் அச்சாகும் கடதாசியில் செய்துவிடாதீர்கள். அந்த பில்லை ஆறு மாதம் மேசை லாச்சிக்குள் வைத்துப் பாருங்கள், மங்கத் தொடங்கிவிடும். இந்தக் கொப்பி பிறந்த நாளிலிருந்து பாடசாலையில் ஏழாம் வகுப்பில் போடும் ஊசிவரை, பன்னிரண்டு வருடம் தாங்கவேண்டியது. மை நாடாவால் அச்சிடும் பிரின்டர் வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டிக்கரே வேண்டாம், பேனாவே மேல்.

எதை முதலில் செய்வது என்று என்னைக் கேட்டால், கேள்விமனுவைத்தான் சொல்வேன். இனி வாங்கும், பதிவு செய்யும் எந்தத் தடுப்பூசிக்கும் வெளிப்பெட்டியில் பெட்ச்சும் காலாவதியும் அடங்கிய சதுர பார்கோட் இருக்கவேண்டும், முடிந்தவர்கள் குப்பியிலும் போடவேண்டும் என்று ஒரு வரி. அதற்குப் பெரிய செலவு இல்லை. இப்போதே பல கம்பனிகளின் பெட்டிகளில் அது இருக்கிறது, நாங்கள்தான் அதை வாசிக்காமல் எறிகிறோம். அப்புறம் கொழும்பில் இரண்டு மூன்று எம்ஓஎச் கிளினிக்குகளையும் ஓரிரு தனியார் இடங்களையும் எடுத்து ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். எத்தனை வரியில் பெட்ச் சரியாக விழுந்தது, எத்தனை டோஸ் எறியப்பட்டது, ஒரு பிள்ளைக்கு எத்தனை நிமிடம் பிடித்தது என்று எண்ணி, முடிவை எல்லோரும் பார்க்க வெளியிடுங்கள். நன்றாக வந்தாலும் சரி, பிழைத்தாலும் சரி.

அப்படிச் செய்யும்போது மிட்வைப் மிஸ்மாரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். மழையில் குடையோடும் குளிர்ப்பெட்டியோடும் போகிறவர்கள் அவர்கள். இது தங்களை வேவு பார்க்கும் கருவி என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டால் ஸ்கேனர் லாச்சிக்குள் போய்விடும். பெட்ச் நம்பர் எழுதும் நேரம் மிச்சமாகி, அழும் பிள்ளையின் தாயோடு ஒரு நிமிடம் கூடப் பேசக் கிடைக்கிறது என்று அவர்களே உணர்ந்தால் அவர்கள்தான் மற்றவர்களுக்குப் பழக்கிவிடுவார்கள்.

எங்கள் கிளினிக்கைச் சோதனைக்கு எடுப்பதற்கு டொக்டர் சம்மதம் சொல்லியிருக்கிறார். உங்களில் யாராவது வந்து பார்க்க விரும்பினால் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வாருங்கள், அன்றுதான் கூட்டம் அதிகம். என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு வைக்கிறேன். ஒரு குப்பியைக் கையில் தருகிறேன், பெட்ச் நம்பரை நீங்களே வாசித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
தடுப்பூசி அறைப் பதிவாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.